லாக்ஸ்டன்: வேலி போடாத ஓர் ஆங்கிலச் சிற்றூர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான சிற்றூர்கள் இருக்கின்றன. லாக்ஸ்டனுக்கு என்ன தனிச் சிறப்பு?

அங்கே பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. அரசர் யாரும் பிறக்கவில்லை. படப்பிடிப்புக்கு ஏற்ற ஓலைக்கூரை வீடுகளும் இல்லை. ஆனால் இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க எப்படி விவசாயம் நடந்ததோ, அந்த ஏற்பாடு இன்றைக்கும் அங்கே நடக்கிறது. மூன்று பெரிய வயல்கள், நடுவில் வேலி கிடையாது, உள்ளே பல பேருடைய நிலத் துண்டுகள். யார் எதை எப்போது விதைப்பது என்பதை ஊரே சேர்ந்து வைத்த விதி சொல்கிறது. விதியை மீறினால் அபராதம் போட ஊருக்கென்று ஒரு கோர்ட். இவ்வளவும் சேர்ந்து உயிரோடு இருக்கும் ஊர் இங்கிலாந்தில் இது ஒன்றுதான்.

எங்கே இருக்கிறது?

நாட்டிங்ஹாம்ஷயரில், நாட்டிங்ஹாம் நகருக்கு வடகிழக்கே. கிட்டத்தில் உள்ள சிறு நகரம் டக்ஸ்ஃபோர்டு, ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. லண்டனிலிருந்து ரயிலில் போவதானால் நூவார்க்கில் இறங்கிக் காரில் போக வேண்டும். இருபது கிலோமீட்டருக்குள் வந்துவிடும். கிழக்கே ட்ரெண்ட் ஆறு. மேற்கே பத்து கிலோமீட்டர் தள்ளி ஷெர்வுட் காட்டில் மிச்சமிருக்கும் பகுதி. ஆமாம், ராபின் ஹூட் கதையில் வரும் அதே ஷெர்வுட்தான்.

வேறு லாக்ஸ்டன்களும் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. நார்தாம்ப்டன்ஷயரில் ஒன்று, கிழக்கு யார்க்ஷயரில் ஒன்று. வரைபடத்தில் தேடும்போது மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள்.

நம் லாக்ஸ்டனுக்கு 1086-ஆம் ஆண்டு அரசர் எடுக்க வைத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டில் ‘லாக்ஸிண்டோன்’ என்று பெயர். பிறகு ‘லெக்ஸிங்டன்’ என்றும் வழங்கியிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய குடும்பத்திலிருந்து ஒரு நீதிபதியும் லிங்கன் நகரின் பிஷப் ஒருவரும் வந்தார்கள். 1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய லெக்ஸிங்டனின் பெயரும் இங்கிருந்து போனதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அதை மறுப்பவர்களும் உண்டு. ஊர்க்காரர்களுக்கு முதல் கதைதான் பிடிக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மூன்று வயல் முறை என்றால் என்ன?

மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று பெருவயல்கள். ஆலை வயலுக்கு அந்தப் பெயர் ஒரு காலத்தில் அங்கே நின்ற காற்றாலையால் வந்தது. மூன்றும் சேர்ந்து இப்போது 500 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

ஒரு வயலில் அக்டோபரில் கோதுமை விதைப்பார்கள். அது குளிரைத் தாங்கி அடுத்த கோடையில் அறுப்புக்கு வரும். இரண்டாவது வயலில் வசந்தத்தில் பார்லி, ஓட்ஸ், பட்டாணி, மொச்சை போல ஏதாவது. மூன்றாவது வயல் தரிசு. அடுத்த வருஷம் ஒரு சுற்று மாறும். தரிசில் கிடந்தது கோதுமைக்குப் போகும், கோதுமை நின்றது வசந்தப் பயிருக்கு, வசந்தப் பயிர் இருந்தது தரிசுக்கு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மண்ணுக்கு ஓய்வு கிடைத்துவிடும். இப்போதெல்லாம் தரிசு வயலைச் சும்மா விடுவதில்லை. தீவனப் புல் வளர்த்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்று வயல்களிலும் துண்டுகள் இருக்கும், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்தால் ஒருவனுக்கு மேட்டு நிலமும் இன்னொருவனுக்குத் தண்ணீர் தேங்கும் பள்ளமும் போய்விடுமே. அதோடு, ஒருவனுடைய நிலம் முழுக்க ஒரே வயலில் இருந்தால் அந்த வயல் தரிசாகும் வருஷம் அவன் என்ன சாப்பிடுவான்?

அறுப்பு முடிந்ததும் தாள்மேட்டில் ஊர் ஆடுமாடுகள் எல்லாம் இறங்கி மேயலாம் என்பது பழைய வழக்கம். சாணமும் புழுக்கையும் எல்லார் துண்டுக்கும் உரம். ஒருவன் மட்டும் தாமதமாக விதைத்துத் தாமதமாக அறுத்தால் மொத்த ஊரும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் நாள் குறிப்பதிலிருந்து எல்லாமே பொது முடிவு.

துண்டுகள் ஏன் நாடா போல நீளமாக இருக்கின்றன?

ஏரைத் திருப்புவதில் உள்ள கஷ்டம். களிமண்ணைப் புரட்டும் கனமான கலப்பைக்கு எட்டு மாடுகள் வரை பூட்டினார்கள். அவ்வளவு மாடுகளைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. அதனால் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் சால் ஓட்டிவிட்டு, பிறகு திருப்பினார்கள். அந்தத் தூரம்தான் பர்லாங். ‘ஒரு சால் நீளம்’ என்பதே அந்தச் சொல்லின் பொருள். 220 கஜம். சாலின் கோடியில் திரும்புவதற்கு முன்பே மாடுகளை மெல்ல ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போவார்கள். பல தலைமுறை இப்படி உழுததில் துண்டுகளே லேசாக வளைந்து, நீட்டிப் போட்ட எஸ் எழுத்து போல ஆகிவிட்டன.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஒரு பர்லாங் நீளம், 22 கஜம் அகலம் உள்ள துண்டுதான் ஒரு ஏக்கர், அதாவது ஒரு மாட்டு ஏர் ஒரு நாளில் உழுவதாக வைத்துக்கொண்ட கணக்கு. அந்த 22 கஜத்தையே 1620-ஐ ஒட்டி எட்மண்ட் கண்டர் என்பவர் நில அளவைச் சங்கிலியின் நீளமாக வைத்தார். கிரிக்கெட் பிட்ச்சின் நீளமும் அதுவே. ஏக்கரை நூறாகப் பிரித்ததுதான் நாம் பத்திரத்தில் எழுதும் சென்ட். மாட்டு ஏர் திரும்ப முடியாமல் போன தூரம், இன்றைக்கு நம் பக்கத்து மனைப்பிரிவு விளம்பரத்தில் வந்து நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை: லாக்ஸ்டனில் உள்ள துண்டுகள் எல்லாம் இந்தக் கணக்குப்படி அச்சாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிலத்தின் சரிவும் ஓடையும் எப்படி விட்டதோ அப்படித்தான் அளவு. தவிர, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல சின்னத் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள்.

மண் எப்படி?

செங்களி. மழை பெய்தால் பிசின், காய்ந்தால் ஓடு. கோதுமைக்கும் மொச்சைக்கும் நல்லது. கலப்பைக்கும் செருப்புக்கும் கெட்டது. நான் போனது ஒரு நவம்பர் மாதம். வயலோரப் பாதையில் கால் மணி நேரம் நடந்ததற்கே இரண்டு காலிலும் ஆளுக்கொரு செங்கல் கட்டியது போல் ஆகிவிட்டது.

ஊரின் பழைய வரலாறு என்ன?

1066-இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முன் நிலம் டோக்கி என்பவரிடம் இருந்தது. டூம்ஸ்டே எழுதும்போது ஜெஃப்ரி ஆல்ஸலின் என்ற நார்மன் பிரபுவிடம் இருக்கிறது. ஊருக்கு வடக்கே மண்மேடு குவித்து, சுற்றிலும் அகழி வெட்டி ஒரு கோட்டை கட்டினார்கள். கட்டடம் எதுவும் இப்போது இல்லை. புல் மூடிய மேடும் அகழியின் பள்ளமும் மட்டும் நிற்கின்றன. அப்படியும் அந்த மாவட்டத்தில் இந்த வகைக் கோட்டைகளிலேயே நல்ல நிலையில் இருப்பது இதுதான். டி கோ குடும்பமும் பிறகு எவரிங்ஹாம் குடும்பமும் ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவலர்களாக இருந்தபோது, காட்டு நிர்வாகமே இந்தச் சிற்றூரிலிருந்துதான் நடந்தது. கதைப்படி பார்த்தால் ராபின் ஹூட்டுக்கு ஆகாத கட்சி.

1635-ஆம் ஆண்டு வரைபடம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

லாக்ஸ்டனைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேச முடிவதற்கே அதுதான் காரணம். 1620-களில் ஊரை வாங்கிய சர் வில்லியம் கோர்ட்டன், தான் வாங்கியது என்ன என்று தெரிந்துகொள்ள மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை அமர்த்தினார். பியர்ஸ் ஊரில் இருந்த ஒவ்வொரு துண்டையும் அளந்து வரைந்தார். எந்தத் துண்டு யாருடையது, எவ்வளவு பரப்பு என்று கூடவே ஒரு பதிவேடும் எழுதினார். வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அளவைக்காரர் என்றால் கோடு மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். இவர் வயல்களுக்குள் ஆட்களையும் வரைந்து வைத்திருக்கிறார். ஏர் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், மான் வேட்டை நடக்கிறது. விரல்நுனி அளவு உருவங்கள்தான். ஆனால் எந்த வயலில் என்ன வேலை நடந்தது என்று அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கோர்ட்டன் நாட்டுப்புறப் பிரபு இல்லை, வியாபாரி. அகதியாக வந்த ஃபிளெமிஷ் துணி வணிகர் குடும்பம். அரசர்களுக்கே கடன் கொடுத்தவர். பார்படோஸ் தீவில் முதல் ஆங்கிலக் குடியேற்றத்துக்குப் பணம் போட்டவர். லாக்ஸ்டன் வரைபடம் தயாரான அதே 1635-இன் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கிழக்கே வணிகம் செய்ய முதலாம் சார்லஸ் அரசர் இவருடைய கூட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். அடுத்த ஆண்டு கிளம்பிய கப்பல்கள் கோவாவுக்கும், இன்றைய கர்நாடகக் கரையில் உள்ள பட்கலுக்கும், சீனத்தின் கான்டனுக்கும் போயின. அதற்குள் 1636-லேயே கோர்ட்டன் இறந்துவிட்டார். குடும்பம் கடனில் சிக்கியது, லாக்ஸ்டன் கைமாறி பியர்பான்ட் குடும்பத்துக்குப் போனது. ஊர் அவருக்கு ஒரு முதலீடு, அவ்வளவுதான். ஆனால் அந்த முதலீட்டுக் கணக்குதான் ஊருக்கு நினைவுச் சின்னமாக நிலைத்தது.

ஒரு காலத்தில் எங்கும் இருந்த முறை என்றால், மற்ற ஊர்களில் ஏன் போயிற்று?

வேலி. துண்டுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்து, சுற்றிலும் முள்வேலி நட்டுவிடுவது. சில ஊர்களில் சம்மதத்தின் பேரில் நடந்தது. பல ஊர்களில் நாடாளுமன்றச் சட்டம் போட்டே செய்தார்கள். 1604 முதல் 1914 வரை இதற்காக 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள். அவற்றின்கீழ் வந்த நிலம் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

விளைச்சல் கூடியது என்பது ஒரு பக்கம். பட்டா இல்லாமல் வழக்கத்தை நம்பி ஒரு பசுவையும் நாலு வாத்தையும் பொதுப் புறம்போக்கில் மேய்த்துக்கொண்டிருந்தவனுக்கு அன்றோடு பிழைப்பு போனது என்பது இன்னொரு பக்கம். ஆங்கில நாட்டுப்புறம் என்றதும் காலண்டரில் பார்க்கிறோமே, பச்சைக் கட்டம் கட்டமாக, நடுவில் வேலிச்செடி போட்ட காட்சி? அதில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். அந்தக் காட்சியை எதிர்பார்த்து லாக்ஸ்டன் வருகிறவர்கள் மொட்டையாகக் கிடக்கும் வயலைப் பார்த்து ‘இதுவா?’ என்று கேட்பது இதனால்தான்.

அப்படியானால் லாக்ஸ்டன் மட்டும் எப்படித் தப்பியது? ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்களா?

இல்லை. இதில் வீரக் கதை எதுவும் கிடையாது. முதலில், லாக்ஸ்டனும் முழுசாகத் தப்பவில்லை. 1635-இல் இருந்த வயல்களில் பெரும்பகுதிக்கு இங்கேயும் வேலி விழுந்துவிட்டது. இன்றைக்கு இருப்பது மிச்சம். அந்த மிச்சம் தப்பியதற்குக் காரணம், நிலம் ஒரே கையில் இல்லாததுதான். பியர்பான்ட் குடும்பம், பிற்காலத்தில் மான்வர்ஸ் பிரபுக்கள் என்று பெயர் பெற்றவர்கள், பெரிய உடைமையாளர்கள். ஆனால் வேறு நிலக்காரர்களும் இருந்தார்கள். எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்துப் பங்கு பிரிப்பது நடக்கவில்லை. வேலிக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும் செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்படித் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்ததில் 20-ஆம் நூற்றாண்டு வந்துவிட்டது. அதற்குள் வேறு எங்கும் இந்த முறை மிச்சமில்லை என்பது உலகத்துக்குத் தெரிந்து, ஊருக்கு மவுசு வந்துவிட்டது. முடிவெடுக்காமல் இழுத்தடித்ததால் காப்பாற்றப்பட்ட சொத்து இது. பாதுகாப்பு என்ற எண்ணம் கடைசியில்தான் வந்து சேர்ந்தது.

ஜூரி நாள் என்றால் என்ன?

வருஷத்தில் ஒரு நாள் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். நவம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, புதிதாகக் கோதுமை விதைத்த வயலை மட்டும் சோதிக்கப் பன்னிரண்டு பேரும் தலைவர் ஒருவரும் கிளம்புவார்கள். டிராக்டர் இழுக்கும் டிரெய்லரில் முளைக்குச்சிகளும் சம்மட்டியும் கிடக்கும். கோதுமை அப்போது விரல் உயரத்துக்குப் பச்சை பிடித்திருக்கும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வரப்பு கிடையாது. அதனால் எல்லை எங்கே என்பதை நினைவிலிருந்தும் பழைய முளையிலிருந்தும் கண்ணால் கோடு பிடித்தும் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் இந்தக் கோடியில் குச்சியைப் பிடித்து நிற்பார், இன்னொருவர் அந்தக் கோடியிலிருந்து ‘இன்னும் கொஞ்சம் இடது பக்கம்’ என்று கையை ஆட்டுவார். சரி என்று தலையாட்டினால் சம்மட்டி விழும்.

அப்புறம் பாதையோரத்தைப் பார்ப்பார்கள். வண்டிப்பாதையும் புல்பட்டையும் ஊருக்குப் பொது. பேராசை பிடித்தவன் வருஷத்துக்கு ஒரு சால் தள்ளி உழுதால் பத்து வருஷத்தில் பாதை காணாமல் போய்விடும். அதற்குத்தான் அபராதம். வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டாலும் உண்டு. தொகை என்னவோ சில பவுண்டுகள்தான். ஆனால் சோதிக்க வருகிற பன்னிரண்டு பேரும் பக்கத்துத் துண்டுக்காரர்கள், அடுத்த வருஷம் நீங்களே அவர்கள் துண்டில் சம்மட்டியோடு நிற்பீர்கள். பணத்தைவிட அந்தப் பார்வைதான் உறைக்கும்.

நடுவில் டவ்கோட் இன் என்ற ஊர் மதுக்கடையில் சாப்பாடு. ஒரு வாரம் கழித்து அதே கடையில் கோர்ட் கூடும். அபராதங்களை உறுதி செய்வார்கள், அடுத்த ஆண்டுக்கான ஜூரி பதவியேற்கும். கொண்டி மாடுகளைப் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்க ‘பிண்டர்’ என்று ஒரு பதவிகூட இருக்கிறது. அந்தப் பழைய பட்டியும் ஊருக்குள் நிற்கிறது.

மதுக்கடையில் கூடும் கோர்ட்டுக்குச் சட்ட அதிகாரம் உண்டா, சும்மா சடங்கா?

உண்டு. இதன் பெயர் கோர்ட் லீட். இடைக்காலத்தில் பிரபுக்களின் பண்ணைகள் பலவற்றில் இப்படி ஒன்று இருந்தது. 1977-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் நாடு முழுக்க இந்தக் கோர்ட்டுகளின் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டது. மற்ற ஊர்களில் சிலது அங்கியும் தொப்பியுமாக இப்போதும் கூடிக் கலைகின்றன. லாக்ஸ்டனுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள், ஏனென்றால் இங்கே கோர்ட்டுக்கு இன்னும் வேலை இருந்தது.

‘சைக்’ என்று ஊரில் சொல்கிறார்களே?

வயல்களுக்கு நடுவே ஈரத்தாலோ சரிவாலோ உழ முடியாமல் விட்ட புல்பட்டைகள். கோடையில் அங்கே வளரும் புல்லை ஊரில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அறுத்துக் காயவைத்துத் தீவனமாக்கிக்கொள்ளலாம். ஏரே படாத மண் என்பதால் காட்டுப்பூக்கள் செழித்திருக்கின்றன. அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஜூன் மாதத்தில் வயலைவிட இதுதான் அழகு.

நிலம் இப்போது யாருடையது?

1952-இல் கடைசி மான்வர்ஸ் பிரபு, பழைய முறை அழியக்கூடாது என்று விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981-இல் அது அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கு மாறியது. அவர்களும் விற்க முடிவு செய்து, 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்குக் கொடுத்தார்கள். தோர்ஸ்பி யார் என்றால், மான்வர்ஸ் குடும்பத்தின் பழைய பண்ணைதான்! அறுபத்தெட்டு வருஷம் சுற்றிவிட்டு நிலம் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது. விவசாயிகள் பெரும்பாலும் குத்தகைதாரர்கள். குத்தகையோடு துண்டுகளும், கோர்ட்டின் விதிகளும் சேர்ந்தே வரும்.

ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

வீடுகள் நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். வேலி விழுந்த ஊர்களில் பண்ணை வீடுகள் அவரவர் நிலத்துக்கு நடுவே தனியாகப் போய்விட்டன. இங்கே நிலம் மூன்று திசையில் சிதறிக் கிடப்பதால் எல்லாப் பண்ணை வீடுகளும் ஊர்த்தெருவிலேயே இருக்கின்றன. செங்கல் சுவர், சிவப்பு ஓடு. பல வீடுகள் தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் களஞ்சியமும் நீளமான கொல்லையும்.

தேவாலயம் புனித மிக்கேல் பெயரில் இருக்கிறது. ஊரின் அளவுக்குக் கொஞ்சம் பெரியது. 1860-ஐ ஒட்டிப் புதுப்பித்தபோது சுருக்கியும் இந்த அளவு. உள்ளே எவரிங்ஹாம் குடும்பத்தின் படுத்த சிலைகள் உண்டு. அவற்றில் ஒன்று, ஆடம் டி எவரிங்ஹாமின் இரண்டாவது மனைவியுடையது, மரத்தில் செதுக்கியது. நாட்டிங்ஹாம்ஷயரில் இடைக்கால மரச்சிலை இது ஒன்றே.

ஊருக்கு வெளியே 1995-இல் தொடங்கிய தேசிய ஹோலோகாஸ்ட் மையம் இருக்கிறது. வயல்களைப் பார்க்க வந்த மனநிலையோடு அதையும் அதே மத்தியானத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்; அதற்குத் தனி நாள் வேண்டும்.

இது அருங்காட்சியகமா, நிஜ விவசாயமா?

நிஜ விவசாயம். டிராக்டர் ஓடுகிறது, கம்பைன் அறுக்கிறது. மாட்டு ஏர் கட்டிக்கொண்டு யாரும் வேஷம் போடுவதில்லை. பெரிய இயந்திரத்துக்குச் சின்னத் துண்டு இடைஞ்சல்தான், ஆனால் அதைச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

வேறு எங்கும் இந்த மாதிரி வயல்கள் இல்லையா?

துண்டு வயல்கள் உண்டு. டெவனில் பிரான்டன், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் பக்கம், வேல்ஸில் ரொசிலி. வயலோடு கோர்ட்டும் சேர்ந்து இயங்குவது லாக்ஸ்டனில் மட்டும்தான்.

எப்போது போகலாம், எப்படிச் சுற்றுவது?

மதுக்கடையை ஒட்டி ஒரு சிறிய தகவல் மையம் இருக்கிறது. வரைபடங்களையும் வயல் சுழற்சியையும் அங்கே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிறகு கோட்டை மேடு. அங்கிருந்து ஊரின் அமைப்பு கொஞ்சம் பிடிபடும். கடைசியாக ஏதாவது ஒரு வயலின் நடுப்பாதை. எந்த வயல் இந்த வருஷம் கோதுமை, எது தரிசு என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். விதைத்த துண்டுக்குள் கால் வைக்காதீர்கள். குளிர்காலமென்றால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் திரும்ப ஏறும் முன் அதைக் கழற்றிப் போட ஒரு பிளாஸ்டிக் பையும்.